ஷீட் கூரை போடும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஓடு நல்லதா, ஷீட் நல்லதா?

கூரை எவ்வளவு வாட்டம், அடியில் மரமா இரும்பா, காற்று எப்படி அடிக்கும், எதையுமே சொல்லாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? பொதுவாகச் சொல்கிறேன். வாட்டம் (சரிவு) 20 டிகிரிக்குக் கீழே என்றால் ஓட்டை மறந்துவிடுங்கள், பூச்சுப் பூசிய இரும்பு ஷீட்டுக்கு 5 டிகிரி இருந்தாலே தண்ணீர் ஓடிவிடும். ஓடு சதுர மீட்டருக்கு 40, 50 கிலோ வரும், ஷீட் 5 கிலோ. பழைய சுவருக்கும் சட்டத்துக்கும் அது பெரிய நிம்மதி. ஆனால் ஓடு தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஷீட்டை நாம்தான் பிடித்து வைக்க வேண்டும். காற்று முதலில் தூக்குவது ஓரத்தையும் மூலையையும்தான், அங்கே ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: இரும்புக் கூரை இடியை இழுக்குமா?

இழுக்காது. உயரமும் சுற்றுப்புறமும்தான் கணக்கு. அதோடு ஷீட் தீப்பிடிக்காது.

கேள்வி: போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது, மேலே முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துரு. போலி ஷீட்டைக் கொடுத்துவிட்டார்களா?

படம் அனுப்பியதற்கு நன்றி, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஷீட் நல்ல ஷீட்தான். அதைக் கூரை மேலேயே வைத்துக் கட்டிங் வீலால், அதாவது மெஷினில் சுற்றும் அறுப்புத் தட்டால், அறுத்திருக்கிறார்கள். எத்தனை முறை எழுதினாலும் இது நிற்கவில்லை, எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. வீல் சுற்றும்போது தெறிக்கிற ஒவ்வொரு பொறியும் கொதிக்கிற இரும்புத் துகள். அது பெயின்ட்டில் விழுந்து உருகி ஒட்டிக்கொள்ளும், முதல் பனியிலேயே பழுப்பாகும். விரலால் தடவிப் பாருங்கள், மணல் ஒட்டியதுபோல நெருடும். இதைவிட மோசம் அறுத்த ஓரம். கத்தரியால் வெட்டினால், ஷீட்டின் மேல் பூசியிருக்கிற துத்தநாகம் (ஜிங்க்) தான் கரைந்து அந்த ஓரத்தைக் காப்பாற்றும், வீலின் சூட்டில் அந்தப் பூச்சே கருகிப்போனால் காப்பாற்ற அங்கே என்ன இருக்கிறது? அதனால் தகரக் கத்தரி, இல்லாவிட்டால் தகட்டைத் துளித்துளியாகக் கடித்து வெட்டும் நிப்ளர், அதுவும் கீழே தரையில் வைத்து. ஸ்க்ரூ துளையிடும்போது விழும் சுருளையும் அன்று மாலையே மென்மையான துடைப்பத்தால் கூட்டி எடுங்கள். மறுநாள் என்று விட்டால் இதே பொட்டுகள்தான். அளவு குறிக்கப் பென்சில் வேண்டாம், அலுமினியம்-துத்தநாகப் பூச்சில் பென்சில் கோடு அப்படியே அரிப்பாக மாறும், மார்க்கர் போதும். உங்கள் கூரையில் பொட்டுகள் மேலோட்டமாக இருந்தால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், கம்பி பிரஷ் கூடவே கூடாது. அறுத்த ஓரங்களுக்கு ஜிங்க் பெயின்ட் அடியுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூ வழியே சொட்டுகிறது, சிலிகான் அடிக்கலாமா?

அடிக்கலாம், அடுத்த மழைக்காலம் மறுபடி சொட்டும். மெஷினை முழு வேகத்தில் விட்டு முறுக்கினால் ரப்பர் வாஷர் பிதுங்கிப் பிய்ந்துவிடும். கழற்றிவிட்டு, ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூவைப் புது வாஷரோடு போடுங்கள். வாஷர் லேசாக அமுங்கினால் போதும்.

கேள்வி: 0.5 மி.மீ. ஷீட் வாங்கலாமா?

வீட்டுக்குப் போதும். ஆனால் அந்த 0.5 கனம் பூச்சையும் சேர்த்தா, சேர்க்காமல் இரும்பு மட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெயிலும் மழைச் சத்தமும் தாங்குமா?

வெறும் ஷீட்டின் கீழ் தாங்காது. வெளிர் நிறம் எடுங்கள், ஷீட்டின் அடியில் ஒட்டினாற்போல் இன்சுலேஷன் கொடுங்கள், சத்தம் பாதிக்கு மேல் அடங்கும். பளபளக்கும் ஃபாயில் போட்டால் அதன் பளபளப்பு முகத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும், ஷீட்டோடு அப்பிக்கிடந்தால் பயனில்லை. அப்புறம், முகட்டில் காற்றுப் போக வழி விடுங்கள், இல்லாவிட்டால் ஷீட்டின் அடியில் நீர் வியர்த்து நிற்கும்.

கேள்வி: ஏசி தண்ணீரை ஷீட் மேலே விடலாமா?

விடாதீர்கள். ஏசிக்குள் இருக்கும் செம்புக் குழாயைத் தொட்டு வரும் தண்ணீர் பூச்சைத் தின்றுவிடும். குழாய் வைத்து நேராகத் தரைக்கு இறக்குங்கள், அந்தக் குழாய்க்கு ஷீட்டில் ஓட்டை போட வேண்டியிருந்தால் கட்டிங் வீலைத் தொடாதீர்கள்.