டிங்கியை எடுப்பதற்கு முன் கரையைப் பாருங்கள்

வணக்கம் அண்ணா,

நானும் மனைவியும் பிரிஸ்பேனில் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் அறுபது நெருங்குகிறது. போன வருடம் 36 அடிப் பாய்மரப் படகு ஒன்று வாங்கினோம். அடுத்த வருடம் குயின்ஸ்லாந்துக் கரையோரமாக டார்வின் போய், அங்கிருந்து இந்தோனேசியா, லங்காவி, கடைசியில் திருகோணமலை என்று நினைத்திருக்கிறோம். நான் பிறந்தது அங்கேதான். இப்போது டிங்கியில், அதாவது நங்கூரமிட்ட படகிலிருந்து கரைக்குப் போய்வரும் சின்னப் படகில், வந்து நிற்கிறோம். கடைக்காரர் 3.1 மீட்டர் ரிப்பும் (கெட்டி அடித்தளமும் சுற்றிக் காற்றுக்குழாயும் உள்ள டிங்கி) 15 குதிரைத்திறன் என்ஜினும் எடுங்கள், குறைத்தால் பிறகு கவலைப்படுவீர்கள் என்கிறார். மரீனாவில் பக்கத்துப் படகுக்காரர் காற்றை இறக்கிச் சுருட்டி வைக்கிற பிவிசி டிங்கியே காணும் என்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி, பாரம் தூக்க ஏலாது. நல்ல டிங்கி இருந்தால் உயிர்காப்புத் தெப்பத்துக்குச் செலவழிக்கிற காசை மிச்சம் பிடிக்கலாமா என்றும் கதைத்தோம். எதை எடுப்பது என்று விளங்கவில்லை.

ரா., பிரிஸ்பேன்

அன்புள்ள ரா.,

தெப்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உயிர் இருக்கிறது. அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். 1972-இல் டூகல் ராபர்ட்சன் குடும்பத்தின் பாய்மரப் படகைக் கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே ஓர்க்கா திமிங்கிலங்கள் மோதி உடைத்தன. படகு சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது, ஆறு பேர் தப்பினார்கள். அவர்களிடம் காற்றடைத்த தெப்பமும் இருந்தது, கண்ணாடியிழையால் செய்த சுமார் மூன்று மீட்டர் டிங்கியும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் தெப்பம் தாங்கியது, அது நைந்து போனதும் ஆறு பேரும் டிங்கிக்கு மாறி, 38-ஆம் நாள் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் பார்க்கும்வரை அதிலேயே இருந்தார்கள். டிங்கிதான் காப்பாற்றியது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது இரண்டும் இருந்ததால் பிழைத்தார்கள் என்பதுதான். கூரையில்லாத, அலையில் கவிழக்கூடிய, ஆபத்து வரும் நேரத்தில் முன்தளத்தில் கவிழ்த்துக் கட்டப்பட்டிருக்கும் ஒரு டிங்கியை நம்பி இந்துமாக் கடலுக்குள் போக வேண்டாம்.

சரி, இனி டிங்கி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்ட வரி உங்கள் மனைவியின் முழங்கால் வலிதான். நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும்போது அவர் தனியாக டிங்கியை இறக்கி, ஓட்டிக் கரைக்குப் போய், மருந்து வாங்கிக்கொண்டு, திரும்பிப் படகேற முடிய வேண்டும். அவரால் முடியாத டிங்கி எவ்வளவு நல்ல டிங்கியாக இருந்தாலும் உங்கள் படகுக்கு அது வேண்டாம்.

கடைக்காரர் சொன்னதைக் கூட்டிப் பாருங்கள். 3.1 மீட்டர் ரிப் 50 கிலோ ஒட்டி வரும், நான்கு ஸ்ட்ரோக் 15 குதிரைத்திறன் என்ஜின் இன்னொரு 45, 50 கிலோ. பெட்ரோல் டேங்க், நங்கூரம், பூட்டுச் சங்கிலி எல்லாம் ஏறினால் 120 கிலோ. இந்த எடை படகின் பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது, பாய் ஏற்றும் கயிற்றை மாட்டி வின்ச்சைச் சுற்றினால் யாரும் தூக்கலாம், முழங்காலுக்கு அங்கே வேலையே இல்லை. கரையில்தான் தெரியும். கரையில் வின்ச் கிடையாது.

அதற்கு டார்வினை விட நல்ல உதாரணம் உங்கள் வழியில் இல்லை. பயணப் படகுகள் நிறைய நிற்பது ஃபேனி பே என்ற இடத்தில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் நடுவே ஏழு மீட்டர் வித்தியாசம் வரும், கரையோ மிகத் தட்டை. தண்ணீர் ஏறியிருக்கும்போது மணலோரத்தில் டிங்கியை விட்டுவிட்டு ஊருக்குள் போய் மதியம் திரும்பினால் கடல் எங்கோ தூரத்தில் இருக்கும், நடுவில் ஈர மணலும் சேறும். வற்றியிருக்கும்போது விட்டுப் போனாலோ, திரும்பி வரும்போது டிங்கி மிதந்து போயிருக்கும். ஆகவே போகும்போது மேலே இழுக்க வேண்டும், வரும்போது கீழே இழுக்க வேண்டும். வழுக்கும் மணலில் 120 கிலோவை இரண்டு பேர் இழுப்பதே கடினம், ஒருவரால் நடக்காது. வடக்கு ஆஸ்திரேலியக் கடலில் உப்புநீர் முதலைகளும் உண்டு, அவை காற்றடைத்த டிங்கிகளைக் கடித்துக் கிழித்திருக்கின்றன. அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று டிங்கியோடு மல்லுக்கட்டும் நிலைமைக்குப் போகவே கூடாது.

இதற்காகத்தான் பின்பலகையில் மடக்கி இறக்கும் சக்கரங்கள் கட்டாயம் என்கிறேன். சின்னக் கெட்டிச் சக்கரம் மணலில் புதைந்துவிடும், காற்றடைத்த பெரிய சக்கரமாகப் பாருங்கள். இறக்கும் ஊசி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், அந்த ஊசி ஒரு சிறு சங்கிலியில் தொங்கட்டும், இல்லாவிட்டால் முதல் வாரமே சேற்றில் போய்விடும்.

என் யோசனை: 2.7 மீட்டர் நீளத்தில், அலுமினிய அடித்தளமுள்ள இலகு ரக ரிப், 6 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். ரிப் 30 முதல் 45 கிலோ, என்ஜின் 26 கிலோ ஒட்டி. சில கம்பெனிகளில் 4, 5, 6 மூன்றும் ஒரே உடல், எடையும் ஒன்றுதான், எனவே நாலு எடுப்பதில் லாபம் இல்லை. இதில் இழப்பு ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நீங்கள் இருவரும் சாமானோடு ஏறினால் அது தண்ணீருக்கு மேல் எழும்பிப் பறக்காது, மணிக்கு நாலைந்து கடல் மைல் வேகத்தில் உழுதுகொண்டு போகும். ஒரு மைல் தள்ளி நங்கூரமிட்டிருந்தால் கால் மணி நேரம் ஆகும், நனையவும் செய்வீர்கள். அப்படிப்பட்ட இடங்களில் கரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய் நங்கூரமிடுங்கள். தூரத்துப் பவளத்திட்டுகளுக்குத் தினமும் ஓடுகிறவர்களுக்கு 15 வேண்டும். அதுதான் உங்கள் ஆசை என்றால் கடைக்காரர் சொன்னது சரி, ஆனால் கடிதத்தில் அப்படித் தெரியவில்லை.

மரத்தாலோ கண்ணாடியிழையாலோ செய்த கெட்டி டிங்கியை நான் மிகவும் நேசிக்கிறேன், துடுப்பு வலிக்க அதைப் போல வேறொன்று இல்லை. ஜோஷுவா ஸ்லோகம் 1895-இல் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பியபோது, டோரி என்ற தட்டையடி மீன்பிடிப் படகு முழுதாகத் தளத்தில் கொள்ளாது என்று ஒன்றை அறுத்துப் பாதியை எடுத்துக்கொண்டார். உருகுவே கரையில் கப்பல் தரைதட்டி, நங்கூரத்தை அதில் ஏற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போனபோது அந்தப் பாதி டோரி கவிழ்ந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தார். சிறிய கெட்டி டிங்கியின் குறை அதுதான், ஓரத்தில் காலை வைத்தால் சாயும். முழங்கால் வலியோடு ஏணியிலிருந்து இறங்குபவருக்குக் காற்றுக்குழாயின் மேல் காலூன்றுவதோ உட்கார்ந்து சறுக்குவதோ எவ்வளவோ மேல்.

பக்கத்துப் படகுக்காரர் சொன்ன பிவிசி, பிரிஸ்பேனில் மூடி வைத்து வாரக் கடைசியில் எடுப்பவருக்குப் போதும். உங்கள் வழியோ டார்வினிலிருந்து திருகோணமலை வரை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகைக்குள்தான் கிடக்கிறது. அந்த வெயிலில் பிவிசி பிசுபிசுக்கும், ஒட்டுவாய்கள் விடத் தொடங்கும். ஹைபலான் என்ற ரப்பர் பூசிய துணிதான் எடுங்கள். டூபான்ட் அந்தப் பெயரில் தயாரிப்பதை 2010-இல் நிறுத்திவிட்டது, அதே ரப்பரை இப்போது வேறு கம்பெனிகள் தருகின்றன, எனவே சிஎஸ்எம் என்று கேளுங்கள். பசையும் அதற்கென்று தனி, பிவிசி பசை அதில் பிடிக்காது, ஒரு டப்பா கையில் இருக்கட்டும். எதுவானாலும் குழாய்களுக்குத் துணியுறை தைத்துப் போடுங்கள்.

டேவிட் எனப்படும் தூக்குக் கைகளை வைத்துப் பின்னால் தொங்கவிடுவது 36 அடிப் படகில், அதுவும் திறந்த கடலில், நல்லதல்ல. அலை ஏறி டிங்கி நிரம்பினால் எல்லாம் பிடுங்கிக்கொண்டு போகும். கட்டி இழுப்பதும் வேண்டாம், மறைவான குடாவுக்குள் என்ஜினைக் கழற்றிவிட்டு என்றால் சரி. முன்தளத்தில் பாய்மரத்துக்கும் நங்கூர வின்ச்சுக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று இப்போதே கயிறு போட்டு அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இரவில் தண்ணீரில் விடாமல் பக்கவாட்டில் தளமட்டம்வரை தூக்கித் தொங்கவிடுங்கள், திருட்டும் குறையும், அடியில் பாசியும் பிடிக்காது.

மின் மோட்டார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள். பேட்டரியோடு 20 கிலோ, சத்தமில்லை, கயிறு இழுக்க வேண்டாம், முழங்காலுக்கும் தோளுக்கும் நல்லது. ஆனால் ஒரு கிலோவாட் மோட்டார் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் சொச்சம்தான் ஓடும், இந்தோனேசியாவின் கொமோடோ தீவுப் பக்கத்து நீரோட்டத்தை அது எதிர்க்க முடியாது. பெட்ரோலே எடுங்கள். இந்தோனேசியக் கிராமங்களில் பாட்டிலில் ஊற்றி விற்கும் பெட்ரோலில் தண்ணீரும் அழுக்கும் வரும், வடிகட்டும் புனல், உபரி ஸ்பார்க் பிளக், இம்பெல்லர் (என்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரை ஏற்றும் சுழலி) மூன்றும் வேண்டும். டிங்கிக்குள் எப்போதும் ஒரு சின்ன நங்கூரமும் முப்பது மீட்டர் கயிறும் கிடக்கட்டும். என்ஜின் நின்றால் காற்றடைத்த டிங்கியைத் துடுப்பால் ஓட்டத்துக்கு எதிரே கொண்டுபோக முடியாது, ஆனால் நங்கூரமிட்டு நிற்க முடியும்.

பணம் கொடுக்குமுன் மோர்ட்டன் குடாவில் ஓட்டிப் பார்க்கத் தரச் சொல்லுங்கள். நீங்கள் கரையில் நில்லுங்கள். உங்கள் மனைவி, ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, என்ஜினை அவரே இழுத்து ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்று ஓட்டி, மணலில் ஏற்றி, சக்கரத்தை இறக்கி, பத்தடி மேலே இழுத்து, மறுபடி தண்ணீருக்குத் தள்ளட்டும். இழுப்பது மட்டும்தான் சிக்கல் என்றால் 9.9 குதிரைத்திறன் என்ஜினில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட் கிடைக்கும், ஆனால் என்ஜின் 40 கிலோவுக்குப் போய்விடும், அந்த எடையோடும் ஒருமுறை மணலில் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.