நட்சத்திரம் போட்ட பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், கன்டெய்னர் லாரிகளில் வெளிர்நீலச் சதுரத்துக்குள் ஒரு வெள்ளை நட்சத்திரமும் பக்கத்தில் 'மெர்ஸ்க்' என்ற பெயரும் இருக்கிறதே, அது ஊர்ப் பெயரா, ஆள் பெயரா? நட்சத்திரம் எதற்கு?

பதில்: ஆள் பெயர்தான், அதுவே ஒரு கப்பல் கம்பெனியின் பெயராகிவிட்டது. டென்மார்க்கில் பீட்டர் மெர்ஸ்க் மோலர் என்று ஒரு கேப்டன் இருந்தார், பக்திமான். மனைவி அன்னா கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்த சமயத்தில், மூடியிருந்த வானத்தைப் பார்த்து, ஒரே ஒரு நட்சத்திரம் தெரிந்தால் போதும், என் வேண்டுதல் கேட்டுவிட்டது என்று நம்பிக்கொள்கிறேன் என்று மனமுருகி வேண்டியிருக்கிறார். நட்சத்திரம் தெரிந்தது, அன்னாவும் பிழைத்துக்கொண்டார். 1886-ல் 'லாரா' என்ற நீராவிக் கப்பலை வாங்கியபோது அதன் புகைபோக்கியில் நீலப் பட்டை அடித்து அதில் ஒரு வெள்ளை நட்சத்திரத்தை வரைய வைத்தார். அந்தச் சின்ன நட்சத்திரம் அன்றைய இரவின் ஞாபகம் என்று அதே வருடம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இன்று லட்சக்கணக்கான இரும்புப் பெட்டிகளில் ஒட்டியிருப்பது அந்த வேண்டுதல்தான். எண்ணிப் பாருங்கள், ஏழு முனை இருக்கும்.

கேள்வி: அப்படியானால் கம்பெனியைத் தொடங்கியது அந்தக் கேப்டனா?

பதில்: அப்பாவும் மகனும் சேர்ந்து. ஆனால் ஓடியாடியது மகன் ஆர்னால்ட் பீட்டர் மோலர். ஏ.பி. மோலர் என்றால்தான் அங்கே தெரியும். இங்கிலாந்தின் நியூகாசில், ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் என்று வெளிநாட்டுக் கம்பெனிகளில் வேலை கற்றுக்கொண்டு திரும்பியவர், 1904-ல் ஸ்வென்போர்க் என்ற சிறு துறைமுக ஊரில் அப்பாவோடு கம்பெனியைப் பதிவு செய்தார். முதலீடு 1,50,000 குரோனர். முதல் கப்பல் பழைய கப்பல்தான், யாரோ ஓட்டி முடித்தது. இதில் வேடிக்கை, கம்பெனி தொடங்கிய பிறகும் மகன் கோபன்ஹேகனில் வேறொரு கப்பல் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

வேகமாகக் கப்பல் வாங்க வேண்டும் என்பது மகனின் ஆசை. பழைய ஆட்களுக்கோ ஒவ்வொரு கப்பலுக்கும் யோசனை. சண்டை போட்டுக் கம்பெனியை உடைக்காமல், 1912-ல் தன் பிடி இறுக்கமாக இருக்கும்படி இன்னொரு கம்பெனியைத் தொடங்கிவிட்டார் மகன், பழையதும் பக்கத்திலேயே ஓடியது. அந்த இரண்டையும் 2003-ல்தான் ஒன்றாக்கினார்கள். 'மெர்ஸ்க் லைன்' என்ற கப்பல் சேவை 1928-ல் பிறந்தது. அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து ஃபோர்டு கார் பாகங்களை ஏற்றிக்கொண்டு, பனாமா கால்வாய் வழியாகக் கிழக்காசியாவுக்குப் போன 'லைசே மெர்ஸ்க்' என்ற கப்பல்தான் அதன் முதல் பயணம்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கை ஹிட்லர் பிடித்துவிட்டாரே, அப்போது கப்பல்கள் என்ன ஆயின?

பதில்: நல்ல கேள்வி. 1940 ஏப்ரல் 9-ம் தேதி விடியலில் ஜெர்மன் படை உள்ளே வந்தது. முந்தின நாளே, அதாவது 8-ம் தேதியே, ஏ.பி. மோலர் தன் கப்பல்களுக்கு உத்தரவு அனுப்பிவிட்டார்: இனி நியூயார்க் அலுவலகம் சொல்வதைக் கேளுங்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் கோபன்ஹேகனிலிருந்து போகும் எந்த உத்தரவையும் ஜெர்மானியர் சொல்லித்தான் அனுப்புகிறார்களோ என்று கேப்டன்கள் சந்தேகப்பட வேண்டியிருக்கும். மகன் மெர்ஸ்க் மெக்கின்னி மோலரை (அம்மா அமெரிக்கக்காரர், பெயரில் வரும் மெக்கின்னி அங்கிருந்து வந்தது) அதே வருடம் பங்குதாரராக்கி அமெரிக்காவுக்கு அனுப்பினார். பையனுக்கு 26, 27 வயதுதான். அவர் ஊர் திரும்பியது 1947-ல். போர் முடிந்தபோது கப்பல்களில் பாதிக்கு மேல் போயிருந்தன, நிறைய மாலுமிகளும் உயிரிழந்திருந்தார்கள்.

1946-ல் மகனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அப்பா ஒரு டேனிஷ் சொற்றொடரைப் பயன்படுத்தினார். நம் மொழியில் 'வருமுன் காப்பது' என்றால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். தவிர்க்கக்கூடிய எந்த நஷ்டமும் நமக்கு வரக் கூடாது என்பது சாரம். கம்பெனியில் இன்றும் அதுதான் வேதவாக்கு.

கேள்வி: கன்டெய்னரைக் கண்டுபிடித்ததே இவர்கள்தானாமே?

பதில்: இல்லை. 1956-ல் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் மால்கம் மெக்லீன், அமெரிக்க லாரி முதலாளி. மெர்ஸ்க் 1970-கள் வரை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. ஆனால் 1999-ல் மெக்லீன் உருவாக்கிய சீலேண்டின் சர்வதேசக் கப்பல் தொழிலையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

கேள்வி: மூன்று தலைமுறை தாண்டினால் குடும்பத் தொழில் நிற்காது என்பார்கள். இது எப்படி நிற்கிறது?

பதில்: பாகப்பிரிவினைக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டார் கிழவர் ஏ.பி. மோலர். 1953-ல் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். இன்று அந்த அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனத்தின் கையில் பங்குகள் ஏறக்குறைய 41 சதவீதம், ஆனால் ஓட்டு 51 சதவீதத்துக்கு மேல். பங்குகளில் இரண்டு வகை, ஒன்றுக்கு ஓட்டு உண்டு, இன்னொன்றுக்கு ஓட்டே கிடையாது என்பதால் இந்தக் கணக்கு. பேரனோ கொள்ளுப்பேரனோ பணமுடை என்று வந்து நின்றாலும் அந்தப் பங்கைத் தொட முடியாது. மகன் மெர்ஸ்க் மெக்கின்னி 2012-ல் 98 வயதில் காலமானார். பிறகு அறக்கட்டளைப் பொறுப்பு அவருடைய மகள் ஆனேவிடம் போனது. ஆனேயின் மகன் ராபர்ட் 2022-லிருந்து கம்பெனியின் தலைவர்.

இப்படிக் கட்டிப்போடாத இடங்களையும் பாருங்கள். தைவானின் எவர்கிரீன் கப்பல் கம்பெனியின் நிறுவனர் 2016-ல் இறந்ததும் உயிலை வைத்து மகன்கள் நீதிமன்றம் போனார்கள். அறக்கட்டளை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. விற்க முடியாத சொத்தை வைத்துக்கொண்டு நஷ்டத்தில் மூழ்கியவர்களும் உண்டு. இவர்கள் தேவைப்பட்டபோது வேறு தொழில்களை விற்றார்கள், எண்ணெய்க் கிணறுகள் உட்பட.

கேள்வி: உலகிலேயே பெரிய கன்டெய்னர் கம்பெனி இன்னும் இதுதானா?

பதில்: 2022 ஜனவரியில் எம்எஸ்சி (மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி) முந்திவிட்டது. அதுவும் குடும்பக் கம்பெனிதான், 1970-ல் ஜான்லூயிஜி அபோன்டே ஒரே ஒரு கப்பலோடு தொடங்கியது.

கேள்வி: 'வருமுன் காப்பது' எப்போதாவது கைவிட்டிருக்கிறதா?

பதில்: 2017 ஜூன் 27. உக்ரைனைக் குறிவைத்துப் பரப்பப்பட்ட நாட்பெட்யா என்ற வைரஸ், அங்கே பயன்படும் ஒரு கணக்கு மென்பொருள் வழியாக மெர்ஸ்க்குக்குள்ளும் நுழைந்து, உலகம் முழுக்க இருந்த கணினிகளைச் சில மணி நேரத்தில் செயலிழக்க வைத்தது. துறைமுக வாசல்களில் லாரிகள் வரிசை கட்டின. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். யார் உள்ளே நுழையலாம், யாருக்கு எது அனுமதி என்ற விவரங்களை வைத்திருக்கும் முக்கிய சர்வர்கள் சுமார் 150 இருந்தன, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்ற ஏற்பாடு, எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைசியில் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒன்று பிழைத்திருந்தது. காரணம், வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரண்ட் கட். இணைய வேகம் போதாததால் டிஸ்க்கைக் கையோடு லண்டனுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. அதனால் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டன் விமானம் ஏறினார்.