சாமானியன்னா யாரு?

கேள்வி: விளம்பரத்துல இருந்து தேர்தல் போஸ்டர் வரைக்கும் எல்லாரும் 'நானும் சாமானியன்தான்'ங்கறாங்க. எங்கப்பா பெங்களூரா ரக மாங்கா விவசாயி, அவர மாதிரி ஒரு ஆள அதுல எதுலயுமே நான் பாத்ததில்ல. அப்ப சாமானியன்னா யாருங்க?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நியாயமான கோவம்ங்க. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லட்சுமண் 1951ல இருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியால வரைஞ்ச காமன் மேன எடுத்துக்கோங்க, வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, கண்ணாடி, பேரு கிடையாது ஊரு கிடையாது வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு, மந்திரியும் அதிகாரியும் பேசுறத ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. பேப்பர் படிக்கிற நாமளும் அதே ஓரத்துலதான நிக்கிறோம், அதான் ஒட்டிக்கிச்சு. 1988ல தபால் தலைலயே வந்துட்டாரு. ஆனா மனசுல நிக்கிறது அந்தக் கட்டம் போட்ட கோட்டு. அது இல்லாம வெறும் 'பொதுஜனம்'னு ஒரு ஆள வரைஞ்சிருந்தா யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

இப்ப சாமானியன்னு காட்டுறவங்க அந்தக் கோட்டத்தான் விட்டுட்டாங்க. எல்லாருக்கும் பொருந்தணும்னு எல்லாத்தையும் அழிச்சிடறாங்க, கடைசில ஒருத்தருக்கும் பொருந்தல. போன சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் பேக்டரி வாசல்ல டிராக்டர் வரிசை நின்னுச்சு, ஒரு பெரியவரு டிராக்டர் நிழல்ல சாக்கு விரிச்சுப் படுத்திருந்தாரு, முன்னாடி வண்டி நகர்ற சத்தம் கேட்டா மட்டும் எந்திரிப்பாரு. முழங்கை வரைக்கும் மாம்பால் பட்டு வெந்த தழும்பு, கருப்பு கருப்பா. மாங்காயே பாக்காதவன் கூட அந்தக் கையப் பாத்தா தன் வீட்டுல ஒருத்தர நினைச்சுக்குவான். உங்கப்பா கைலயும் இருக்கும், அத நீங்களே எழுதி அனுப்புங்க, நாங்க போடறோம்.

கேள்வி: சாமானியன், சாமானியன்னே சொல்றீங்களே, பொம்பளைங்க இல்லையா?
- வாசகி, தர்மபுரி

பதில்: தப்புதாங்க, வார்த்தையே அப்படி அமைஞ்சு போச்சு. எனக்கு சாமானியம்னா எங்கம்மாதான். பென்னாகரம் பக்கம் போர் தண்ணி குடிச்சு வளந்தவங்க, அந்தத் தண்ணில இருக்கற புளோரைடு உப்பால பல்லெல்லாம் பழுப்பு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல வந்துச்சு, பேரப்பசங்களுக்கு பல்லு வெள்ளையா இருக்கு, ஆனா பல்லு முளைக்கிற வயசுல ஏறின கறை பெரியவங்களுக்குப் போகாதுல்ல. இன்னைக்கும் சிரிப்பு வந்தா முந்தானை வாய்க்குப் போயிடும், என் கல்யாண ஆல்பம் முழுக்க அப்படித்தான் இருக்காங்க. அந்த முந்தானையப் பிடிச்ச கைய யாராச்சும் வரைஞ்சா, அது எங்கம்மான்னு சொல்ல எங்க ஊர்ல எத்தனையோ பேரு வருவாங்க.