வெப்சைட் போட்டு ஆறு மாதமாகியும் ஒரு விசாரணைகூட வரவில்லை. டிசைனை மாற்றினால் சரியாகுமா?

உங்கள் தொழில் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் முதல் பக்கத்தில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் கைகுலுக்கும் படமும், "தங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வரியும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். எங்களுடையதிலும் இருந்தது.

மதுரையில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன லாட்ஜ் உண்டு. வெப்சைட் செய்து கொடுத்தவர்கள் மேலே நான்கு கோபுரப் படங்களை ஓடவிட்டிருந்தார்கள். கேமராவில் எடுத்த அதே கனத்தில் ஏற்றிய படங்கள். பஸ்ஸில் வருகிறவர் போனில் அது திறப்பதற்குள் திருமங்கலம் தாண்டிவிடும். கீழே அப்பாவின் வாழ்க்கை வரலாறு. போன் நம்பர் தனிப் பக்கத்தில், அதுவும் படமாக! விரலால் தொட்டால் அழைப்பு போகாது, தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

ரிசப்ஷனில் உட்காருவது நான்தான். வெறுத்துப்போய் ஒரு மாதம், போனில் கேட்டதையெல்லாம் பழைய ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் குறித்துவந்தேன். "அண்ணே, கார் நிப்பாட்ட இடம் இருக்கா?" "அம்மாவுக்கு முட்டி வலி, கோயிலுக்கு நடந்து போயிரலாமா?" "மாட்டுத்தாவணியில இறங்கினா எப்படி வரணும்?" "24 மணி நேரக் கணக்கா, இல்ல மதியம் 12 மணிக்குக் காலி பண்ணணுமா?" "ராத்திரி ராமேஸ்வரம் போறோம், பையை மட்டும் வச்சுட்டுப் போகலாமா?" வெஸ்டர்ன் டாய்லெட் பற்றிக் கேட்காத நாளே இல்லை. லாட்ஜ் எந்த வருஷம் ஆரம்பித்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை.

சரி, அந்தக் கேள்விகளுக்கான பதிலையே முதல் பக்கமாக்கினோம். ரூம் வாரியாக, வரியோடு சேர்த்து வாடகை. தொட்டால் அழைப்பு போகிற நம்பர். என் போனில் எடுத்த பாத்ரூம் படம். "லிப்ட் இல்லை" என்பதையும் போட்டோம். அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. அதைப் பார்த்து சிலர் வராமல் போயிருக்கலாம். ஆனால் படியைப் பார்த்ததும் பெட்டியோடு திரும்புகிறவர்கள் குறைந்தார்கள். கூட்டம் அலைமோதுகிறது என்று புளுக மாட்டேன். இப்போது போன் செய்கிறவர்கள், "முதல் மாடி ரூம் ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது வெள்ளிக்கிழமை கிடைக்குமா?" என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது போதும்.

ஆகவே நிறத்தை மாற்றுவதற்கு முன், உங்கள் கடையில் போன் எடுக்கிறவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். போனே வராத தொழில் என்றால் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியைப் பாருங்கள், இலவசம்தான். என்ன தேடும்போது உங்கள் பக்கம் கண்ணில் படுகிறது என்று காட்டும். டிசைனர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அழகே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பட்டு விற்கிறவருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, மனசு ஆறாமல் சொல்கிறேன். மீனாட்சியம்மன் கோயில் மதியம் 12.30க்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். இது தெரியாமல் வந்தவர் ஒருவர் எங்கள் லாட்ஜுக்கு ஒரு ஸ்டார் போட்டார். 2018 தீ விபத்துக்கு அப்புறம் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை, அதற்கும் ஒரு ஸ்டார். இரண்டையும் வெப்சைட்டில் பெரிய எழுத்தில் போட்டாயிற்று. போன வாரம் இன்னொருவர், சித்திரை வீதிக்குள் காரை விடவில்லை என்று இரண்டு ஸ்டார் கொடுத்திருக்கிறார். வீதியை நானா அடைத்தேன்?