காப்பிலி என்ற சொல்

வணக்கம் அண்ணா,

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பிள்ளைதான் அவனுக்கு உற்ற தோழன். போன கிழமை, "அம்மம்மா அவனைக் காப்பிலி எண்டு சொல்றா. காப்பிலி எண்டா என்ன?" என்று மகன் கேட்டான். அம்மாவிடம் கதைத்தேன். "அவங்களை அப்பிடித்தானே சொல்லுறது, இதில என்ன பிழை?" என்கிறா. அந்தப் பிள்ளை வந்தால் வடை எடுத்துக் கொடுப்பதும் அவதான். பெற்ற தாயை இனவாதி என்று சொல்ல மனம் வரவில்லை. சும்மா விடவும் முடியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா வடை கொடுப்பது அன்பினால்தான், அதில் சந்தேகம் வேண்டாம். அந்தச் சொல் வந்த வழி வேறு.

அரபியில் 'காஃபிர்' என்றால் இறைநம்பிக்கை இல்லாதவன்; அதுதான் 'காப்பிலி'யின் வேர். ஆபிரிக்கக் கரையில் அராபிய வணிகரின் வாயில் இருந்ததைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடு சொல்லும் இலங்கையில் இறங்கியது. அந்த மக்களின் சந்ததி புத்தளத்துக்கு அருகே சிராம்பியடியில் இன்றும் இருக்கிறது. தங்கள் இனத்தின் பெயராகவே அவர்கள் அதைச் சொல்கிறார்கள். தென்னாபிரிக்காவிலோ அதே சொல்லால் கறுப்பினப் பொலிஸ்காரரைத் திட்டிய ஒரு பெண்ணுக்கு 2018இல் சிறைத்தண்டனை விதித்தார்கள்.

எங்கள் வீட்டில் அது எப்போது வரும்? "வெயிலுக்க நிண்டு காப்பிலி மாதிரிக் கறுத்துப்போனாய்." அல்லது, "காப்பிலி ஒருத்தன் வந்து நிண்டவன்." வெள்ளைக்காரர் என்றால் "வந்தவர்" என்போம். 'அவர்' யாருக்கு, 'அவன்' யாருக்கு என்று எங்களை இருத்திவைத்து எவரும் சொல்லித்தரவில்லை. பிறந்த பிள்ளையின் காது நுனியைப் பார்த்து, "கறுப்பாத்தான் வரும்போல" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கும்போது மூத்த பிள்ளையும் அங்கேதான் நிற்கிறது.

1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் பொம்மைகளைக் காட்டினார்கள். நிறம் மட்டும்தான் வேறு. மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள். நல்ல பொம்மை எது என்று கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பிறகு, "உன்னைப்போல இருப்பது எது?" என்று கேட்டார்கள். சில பிள்ளைகள் அழுதுகொண்டு அறையைவிட்டு ஓடின. இதை எப்போது வாசித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். மூன்று வயதில் யாரிடம் படித்தார்கள்?

நான் படித்த இடம் எனக்குத் தெரியும். கனடா வந்த புதிதில், எனக்கு ஒன்பது வயது. எங்கள் கட்டட லிஃப்டில் ஒரு கறுப்பின இளைஞர் ஏறினார். அம்மா ஒன்றும் பேசவில்லை. என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தா, அவ்வளவுதான். போன வருடம் அதேபோல் ஒரு லிஃப்டில் என் கை மகளின் தோளை இழுத்துவிட்டது. மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே கை போய்விட்டது. அவள் நிமிர்ந்து, "ஏன் அப்பா?" என்று கேட்டாள். அந்த இளைஞர் இலக்கங்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கும்வரை என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், "அப்பா பிழை விட்டிட்டன்" என்று சொன்னேன்.

ஆகவே அம்மாவோடு இனவாதம் பற்றி வாதாடப் போகாதீர்கள். அவ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பா. அந்தப் பிள்ளையின் பெயரை அவவுக்குப் பழக்குங்கள். வாய்க்குள் நுழையவில்லை என்றால் பத்துத் தரம் சொல்லிக் கொடுங்கள். வடை கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். மகன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

உங்கள் கடிதத்திலும் அந்தப் பெயர் இல்லை, தங்கச்சி.