மசாஜ் தெரபி படிக்க விரும்பும் மகள்

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் மசாஜ் தெரபி படிக்க விரும்புகிறாள். மூன்று மாதப் பயிற்சிக்கு 75,000 ரூபாய் கட்டினால் துபாயில் வேலை வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. உறவினர்களோ, "ஊரார் உடம்பைப் பிடித்துவிடுகிற வேலைக்கா பெண்ணை அனுப்புவாய்?" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: நீங்கள் அனுப்பிய நீண்ட கடிதத்தில் உறவினர்களின் பேச்சு இரண்டு பக்கம், அந்தப் பயிற்சி நிறுவனத்தைப் பற்றி இரண்டே வரி. உங்கள் அச்சம் இடம் மாறி நிற்கிறது. சித்த மருத்துவம் உடலின் மேல் செய்யும் புற மருத்துவத்தை 32 வகையாக வகுத்து, அவற்றுள் ஒன்றாகத் தொக்கணத்தை, அதாவது உடம்பு பிடித்துவிடும் சிகிச்சையை, வைத்திருக்கிறது; தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி அதற்குள்ளேயே ஒன்பது முறைகள் உண்டு. உடலின் வர்மப் புள்ளிகளைத் தொட்டு அழுத்திச் சிகிச்சை தரும் வர்ம ஆசான்களுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு, பிடித்துவிடுவதை இழிவு என்று சொல்வது சரியல்ல.

என் தாயார் பக்கவாதம் வந்து அரசு சித்த மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது, நாள்தோறும் எண்ணெய் தேய்த்துவிட வரும் பெண் ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடாமலே நின்றுவிட்டார். இரண்டு கெண்டைக்கால்களிலும் புறங்கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இடது கால் மட்டும் சூடாகவும் சற்றுப் பருத்தும் இருந்தது. "இன்றைக்குத் தேய்க்கக் கூடாது, டாக்டர் பார்க்கட்டும்" என்றார். ஸ்கேனில், காலின் ஆழத்து இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. அன்று அழுத்தித் தேய்த்திருந்தால் அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். இந்தத் தெளிவு மூன்று மாதத்தில் வருவதில்லை.

இந்தத் தொழிலின் குறைகளில் பெரியது உடல் தேய்மானம். நாள் முழுவதும் நின்று குனிந்து அழுத்தம் கொடுப்பவர்களுக்கு முதலில் தளர்வது பெருவிரலின் அடிமூட்டு. பிறகு மணிக்கட்டு, இடுப்பு. விரலால் தள்ளாமல் முன்னங்கையாலும் உடல் எடையாலும் அழுத்தவும், மேசையைத் தன் உயரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளவும் தொடக்கத்திலேயே பழக்காத இடத்தில் படித்தால், சில ஆண்டுகளிலேயே கை வலியோடு வேறு வேலை தேட நேரும். தனியாகத் தொழில் செய்பவருக்குக் கை வீங்கிய நாளில் வருமானமும் இல்லை. நிறைகளும் உண்டு. ஆயுர்வேத, சித்த மருத்துவமனைகளில் பெண்ணுக்குப் பெண்ணே சிகிச்சை தரும் வழக்கம் இருப்பதால் நன்கு பயின்ற பெண்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. பெரிய முதலீடும் வேண்டியதில்லை.

ஸ்பா என்ற பெயரில் நடக்கும் சில இடங்களால் இத்தொழில்மீது படிந்துள்ள சந்தேகத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 டிசம்பரில் ஒரு நீதிபதி மசாஜ் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த உத்தரவிட்டார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் மற்றொரு நீதிபதி, அது அந்தரங்க உரிமையை மீறும் என்றார். வழக்கு எப்படிப் போனாலும், முறையாகப் படித்த பெண்ணும் அதே சந்தேகக் கண்ணுக்கு ஆளாகிறார் என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஆகவே முதல் சில ஆண்டுகளாவது மருத்துவர் மேற்பார்வை உள்ள இடத்தில் உங்கள் மகள் வேலை செய்யட்டும்.

சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் மசாஜ் உள்ளிட்ட சிகிச்சை முறைகளைக் கற்பிக்க அரசு நடத்தும் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு இரண்டரை ஆண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். சித்தா, ஆயுர்வேதம் போன்றவற்றுக்கான அரசு இந்திய மருத்துவப் பிரிவில் சிகிச்சை உதவியாளர் பணிக்கு அந்தப் பட்டயம் தகுதியாகும். பணியிடங்கள் குறைவு, போட்டி உண்டு; ஆனாலும் கையில் இருப்பது மதிப்புள்ள சான்றிதழ். பாளையங்கோட்டை உங்கள் ஊரிலிருந்து தொலைவுமில்லை.

துபாய் விஷயத்துக்கு வருகிறேன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர்கள் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மீதிப் பணம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்களானால், மகளை அழைத்துக்கொண்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள்.