ஒரு நாள் நடைப்பயணத்துக்கு நல்ல வழிகாட்டிப் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்குக் கால் பழகிய பாதை ஒன்று அதில் இருக்கிறதா என்று தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் வாசியுங்கள். நான் கிளிநொச்சிப் பக்கத்து ஆள், இரணைமடு என்றே வைத்துக்கொள்வோம். ‘குளக்கட்டால் நேரே போய்ப் பெரிய மரத்தடியில் திரும்பவும்’ என்று போட்டிருந்தால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். அங்கே எது சின்ன மரம்? துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), வான் (மிகைநீர் வழிந்தோடும் இடம்), வாய்க்கால் பாலம் என்று இடம் மாறாத அடையாளங்களும், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் எத்தனை மீற்றர் என்பதும் இருந்தால், எழுதினவர் நடந்து பார்த்திருக்கிறார்.

அடுத்தது, எந்த மாதத்தில் நடந்தார் என்பது. எங்கள் வன்னிப் பகுதிக்கு இதுதான் முக்கியம் என்பேன். ஆவணியில் வெடித்துக் காய்ந்து கிடக்கும் குளத்தின் உட்புற அலைகரை, வடகீழ்ப் பருவமழை கொட்டிய பிறகு மார்கழியில் தண்ணீருக்குள் போய்விடும். கோடையில் மணலில் நடந்து கடந்த கனகராயன் ஆற்றில் அப்போது கால் வைக்கவே ஏலாது. மாதம் சொல்லாத புத்தகம் மலைநாட்டில்கூட அரைகுறைதான்.

நேரக் கணக்கையும் பாருங்கள். பலர் பின்பற்றுவது 1892இல் நேய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு: மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீற்றர், ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம். எங்கள் பக்கம் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆளைச் சாய்ப்பது வெயில்தான். நிழலும் குடிதண்ணீரும் எங்கே கிடைக்கும் என்று எழுதாதவர் தரும் நேரத்தை நான் நம்பமாட்டேன்.

வரைபடத்தில் அளவுத்திட்டமும் வடக்குக் குறியும் இருக்கவேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர், ஒப்பிட்டுப் பார்க்கச் சுகம்.

பதிப்பாண்டு பார்க்காமல் வாங்கவே வேண்டாம். போர் முடிந்த 2009க்கு முந்தியது என்றால் படம் பார்க்க மட்டும். புதிய பதிப்பே கையில் இருந்தாலும், மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை நின்றால் புத்தகம் சொன்ன பாதை பாதையல்ல. யானை நடமாட்டத்தையும் அந்த ஊர்க் கமக்காரரிடம் அன்றைக்கே கேட்டுவிட்டு இறங்குங்கள்.

விலை, வழுவழுப்பான படம் எல்லாம் பிறகு. சட்டைப் பையிலோ காற்சட்டைப் பையிலோ அடங்காத புத்தகம் வீட்டிலேயே கிடக்கும். கடைசி பஸ் நேரத்தை மட்டும் எந்தப் புத்தகத்திலும் பார்க்காதீர்கள், பஸ் நிலையத்தில் கேளுங்கள்.